ஒரு பக்கம் பிடிச்சா மதி

முதுகில் ஆபரேஷன் ஆனவனுக்கு உறக்கம் தவணையில்தான் வரும். பத்து மணிக்கு ஒரு தவணை, ஒரு மணிக்கு இன்னொன்று. மூன்று மணிக்கு மேல் கடையடைப்பு. போன செப்டம்பரில் சென்னையிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்து படுத்தபோது என் நிலைமை அதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் விளை, அதாவது ரப்பர்த் தோட்டம், சூழ்ந்த வீடு. நாலாவது பக்கம் ரோடு. ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். மல்லாந்தால் உத்தரம், ஒருக்களித்தால் இருட்டு. பார்க்க வேறொன்றும் கிடையாது.

அந்த இருட்டுக்குள் ஒரு ராத்திரி வெளிச்சம் ஒன்று நடந்து போனது. ஆள் தெரியவில்லை. நெற்றி உயரத்தில் ஒரு வட்டம். ஒரு மரத்தடியில் நிற்கும், சற்றுக் குனியும், அடுத்த மரத்துக்குப் போகும். எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தெட்டு மரம் ஆனதும் மேட்டுக்கு அப்பால் மறைந்துவிட்டது. இதே வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். விடியுமுன்னே பால் வெட்ட ஆள் வரும் என்பது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஊரை விட்டுக் கிளம்பிய பதினெட்டு வயது வரை அந்த நேரத்தில் ஒரு நாள்கூட நான் விழித்திருந்ததில்லை.

என் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சுவாரசியம் இல்லாதது. பதினாறு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த வேலை. இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் பிதுங்கி, நரம்பை அழுத்தி, இடது கால் மரத்துப்போனது. ஆபரேஷனுக்குப் பிறகு லீவு நீண்டுகொண்டே போகவே கம்பெனி மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. நான் சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற வாழ்த்தும் அதில் இருந்தது, நான் எழுதித் தரவேண்டிய ராஜினாமாக் கடிதத்தின் மாதிரியும் இருந்தது. மனைவிக்கு வேலை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு. அவர்கள் அங்கே, நான் இங்கே. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஒரு குடம் தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் கொண்டுவந்தார்கள். "உனக்கு இது ஒண்ணுமில்ல மக்கா. ஒருக்கா நெய்யூர் போய்ப் பாரு, அப்பம் தெரியும்." நெய்யூர் எங்கள் பக்கத்தில் கேன்சர் வைத்தியத்துக்குப் பெயர்போன ஊர். அதாவது அடுத்தவருடைய கேன்சரைப் பார்த்துவிட்டு வந்து என் டிஸ்க்குக்காக நான் சந்தோஷப்பட வேண்டும். சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

இறங்காததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்த அன்று நான் லீவில் ஊரில் இருந்தேன். ஒக்கி என்றால் வங்காள மொழியில் கண் என்று பிறகு படித்தேன். எங்கள் விளைகளில் அது கண்ணை மூடிக்கொண்டுதான் நடந்தது. ரப்பர் மரங்கள் நடுவாய் ஒடிந்தன, சில வேரோடு சாய்ந்து ரோட்டில் குறுக்கே கிடந்தன. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்டுக் கம்பங்கள் மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் விழுந்தன. வெளிமாவட்டத்திலிருந்து மின்வாரிய ஆட்கள் லாரி லாரியாக வந்து வேலை பார்த்தும் எங்கள் வீட்டில் விளக்கு எரியப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம வீடுகளில் ஒரு உயிர்ச்சேதமும் இல்லாமத் தப்புவித்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும்தான். அதே நேரத்தில் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் நீரோடியிலும் பெண்கள் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம்தான். நம்மைத் தப்புவித்தவர் அவர்களை என்ன செய்தார் என்ற கேள்வி ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு வந்தது. அன்றிலிருந்து அடுத்தவனோடு ஒப்பிட்டுச் சொல்லும் நன்றி எதையும் என்னால் சொல்ல முடிவதில்லை.

அதனால் இந்தக் கட்டுரையை அப்படி யாரும் வாசித்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் நடக்க அனுமதி கிடைத்தது. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் விடியுமுன் வெளிச்சத்தைத் தேடி விளைக்குள் போனேன். தலையில் விளக்கு, இடுப்பில் சாக்குப்பை, காலில் ரப்பர் செருப்பு. அறுபதைத் தொட்டவர். என்னைச் சின்ன வயதில் தோளில் வைத்துக்கொண்டு திருவட்டாறு கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறாராம். எனக்கு நினைவில்லை. மாமா என்று கூப்பிட்டேன்.

பால் வெட்டுவதை முதன்முறையாகக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரு முனையில் நகத்தால் நெம்பி, நாடாவைப் போல ஒரே இழுப்பில் உரித்துச் சாக்குப்பையில் போடுகிறார். சிரட்டைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி அதில் ஒட்டியதையும் எடுக்கிறார். பிறகு கத்தி. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து ஒரே ஓட்டம். சீவல் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் கனம். சீவல் கீழே விழுவதற்குள் கோடு முழுக்க வெள்ளையாக முத்து முத்தாக அரும்பி, முத்துகள் ஒன்றாகிக் கோட்டில் ஓடி, தகட்டில் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். முதல் சொட்டு விழுவதைப் பார்க்க நான் நின்றேன். அவர் நிற்கவில்லை. அதற்குள் மூன்று மரம் தள்ளிப் போயிருந்தார்.

ஒரு நாளைக்கு முந்நூற்று இருபது மரம். இன்று வெட்டிய மரத்துக்கு நாளைக்கு ஓய்வு, அப்போது அடுத்த பாதி. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். சூரியன் ஏற ஏற இலை நீரை இழக்கும், ஓட்டம் தளர்ந்துவிடும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்ப் பட்டைக்குள் இருக்கும் தடியில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். ஆறேழு வருடம் கழித்து அதே இடத்துக்குக் கத்தி திரும்பி வரும்போது ஓடாது. "இண்ணு செய்யுத பிழைய மரம் மறக்காது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இவ்வளவு வெட்டியும் திரும்பத் திரும்பப் பட்டை வளர்த்துக்கிடுதே மாமா, மனுசன் இதைப் பாத்துத்தான் படிக்கணும்" என்றேன்.

மாமா கத்தியை நிறுத்தி, விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். கண் கூசியது.

"படிச்சுக்கோ. ஆனா மழைக்கு முன்ன மரத்துக்குப் பிளாஸ்டிக்கில பாவாடை கட்டிக் குடுப்பாவ. எனக்கு ஆரு கட்டுவா?"

அதோடு உவமை சொல்வதை விட்டுவிட்டேன். தாங்குதிறன், மீண்டெழுதல் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போலப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள். தாங்குகிறவருக்கு அந்த வார்த்தையால் ஒரு ரூபாய் கூலி கூடுவதில்லை. 2011இல் கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டி விற்ற ரப்பர் ஐந்தே வருடத்தில் பாதிக்கும் கீழே போனபோது எங்கள் பக்கத்தில் பல விளைகளில் வெட்டையே நிறுத்தினார்கள். அந்த வருடங்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். "கிணறு வெட்டினேன்" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு அதில் ஒன்றுமில்லை.

நான் விழித்துக் கிடப்பது அவருக்குத் தெரிந்த பிறகு ஒரு வழக்கம் உண்டானது. எங்கள் வீட்டுக் கோடி மரத்துக்கு வந்ததும் விளக்கை இரண்டு தடவை அணைத்து எரியவிடுவார். நான் கட்டிலில் கிடந்தபடியே ஃபோன் டார்ச்சை இரண்டு தடவை காட்டுவேன். அவ்வளவுதான். அதன் பிறகு ஐந்து மணி வரை உறக்கம் வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது.

நவம்பரில் வடகிழக்கு மழை பிடித்தது. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையும் கிடைப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். வெட்டுகிறவருக்கு அது இரண்டு தடவை வேலையில்லாக் காலம். ஒன்பது ராத்திரி வெளிச்சம் வரவில்லை. ஜன்னலையே பார்த்துக் கிடந்துவிட்டு, நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது: எனக்கு இல்லாமல் போனது ஒரு வெளிச்சம், அவருக்கு இல்லாமல் போனது நாலு நாள் கூலி. என் மன ஆறுதலுக்கு யாருடைய வயிறு பிணை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இனி மீன்கார அக்கா.

தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை. புதுக்கடை, மார்த்தாண்டம் என்று இரண்டு வண்டி மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் முக்கில் இறங்கிவிடுவார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை என்பதால் ஒரு செலவு மிச்சம். ஆனால் மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் பெரிய அலுமினியச் சருவம், அதற்குள் சாளையோ அயிலையோ நெத்திலியோ, மேலே ஈரச் சாக்கு. நிறைந்த சருவம் இருபது கிலோவுக்குக் குறையாது.

இந்தச் சருவத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. இறக்குவதற்கு ஒருத்தர் போதும். ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அவர் ஒரு விளிம்பைப் பிடித்து முழங்கால் முட்டு வரை தூக்குவார், எதிரே நிற்கிறவர் மறு விளிம்பைப் பிடிக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து உயர்த்தும்போது அவர் தலையைக் கீழே கொடுத்துவிடுவார். மீன் வாங்கும் வீட்டுக்காரி தூக்கிவிடுவது எங்கள் ஊரில் எழுதாத ஒப்பந்தம். விலையில் சண்டை போட்டவளும் தூக்கிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

நான் வந்த புதிதில் ஒரு நாள் அம்மா மீனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, ஒரு பக்கம் பிடிச்சா மதி, மிச்சத்த நான் பாத்துக்கிடுவேன்" என்றார். மதி என்றால் எங்கள் பக்கத்தில் போதும். நான் வாசலில் நின்றேன். அசையவில்லை. அவர் கண் என் சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த பெல்ட்டுக்குப் போனது. ஒன்றும் சொல்லவில்லை. சருவத்தைத் தரையிலிருந்து நடைக்கல்லில் ஏற்றினார், நடைக்கல்லிலிருந்து காம்பவுண்டுச் சுவருக்கு, பிறகு முட்டை மடக்கித் தாழ்ந்து சுவரிலிருந்து தலைக்கு இழுத்துக்கொண்டார். சும்மாடு சற்று விலகியது, ஒற்றை விரலால் சரிசெய்துகொண்டு போய்விட்டார். என் உயரம் ஆறடி. அன்றைக்கு ஒரு சாண்கூட இல்லை.

அவருக்கு ஆளில்லாமல் சுமை ஏற்றும் இந்தக் கலை எங்கள் முக்கில் நிற்கும் சுமைதாங்கியில் பழகியது. இரண்டு கல்லை நட்டு அதன் மேல் ஒரு கல்லைக் குறுக்கே வைத்தது, ஆள் கழுத்து உயரம். பஸ் இல்லாத காலத்தில் தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் துணையுமின்றி இறக்கி வைத்து, யார் துணையுமின்றி ஏற்றிக்கொள்ள. இந்தப் பக்கத்துப் பழைய ரோடுகளில் இன்னும் சில நிற்கின்றன. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பேரில் அவள் வீட்டார் நட்டுவைப்பது அந்தக் கால வழக்கம். இறக்காமலே போய்விட்டாளே, வழியில் போகிறவர்களாவது இறக்கி வைத்து இளைப்பாறட்டும் என்று. எங்கள் முக்கில் இருப்பது எந்தப் பெண்ணின் பேரில் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது ஃபிளக்ஸ் போர்டு கட்டும் கயிறு ஒன்று எந்நேரமும் அதில் தொங்குகிறது. அக்கா மட்டும் தினமும் அதன் மேல் சருவத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார்.

அவருடைய வீட்டுக்காரர் ஒக்கிக்கு ஏழெட்டு நாள் முன்னால் தூண்டில் தொழிலுக்குப் போனவர். தூத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலில் நாட்கணக்கில் கிடப்பவர்கள். எச்சரிக்கை சொன்னபோது அவர்கள் சொல்லுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். போட்டும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்களோடு ஒத்துப்பார்க்க வீடு வீடாக வந்து ரத்தம் எடுத்தார்களாம். "எனக்க மகனுக்க ரத்தம் எடுத்தாவ. ஒண்ணுக்கும் ஒத்துவரல்ல" என்று ஒரு நாள் சாளையைக் கூறு வைத்துக்கொண்டே சொன்னார். காணாமல் போனவர் செத்தவர் என்று சட்டம் ஒத்துக்கொள்ள ஏழு வருடம் ஆகும். ஒக்கிக்கு அரசு அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. அக்கா கையெழுத்துப் போடத்தான் தாமதித்தார். போட்டால் அவர் செத்ததாக ஆகிவிடுமே என்று. இதைச் சொன்ன அதே மூச்சில் அம்மாவிடம், "நூறுக்கு இதுக்கு மேல ஒரு மீனு வைக்க மாட்டேன்" என்றார்.

அக்கா போன பிறகு அம்மா மீனை ஆய்ந்துகொண்டே, நான் கேட்காமலே பேசினாள்.

"சுனாமிக்குப் பொறவு ஒண்ணரை மாசம் நாங்க ஆரும் மீனு வாங்கல்ல. பிணத்தத் தின்ன மீனு எண்ணு ஒரு பேச்சு. அப்பம் இவளுக்க அம்மைதான் வந்துட்டிருந்தா. ஒரு நாளு கருவாடு கொண்டுவந்தா. இது சுனாமிக்கு முன்ன காயப்போட்டது மோளே, நம்பி வாங்கு எண்ணு கேட்டா."

"வாங்கினியா?"

"இல்ல."

குழாயைத் திருப்பி மீனைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். மணக்குடிப் பாலம் பிய்ந்து கிடந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர். சர்ச்சில் துணியும் அரிசியும் திரட்டி அனுப்பினோம். ஆனால் நடந்து வாசலுக்கு வந்த கருவாட்டை வாங்கவில்லை. கடற்கரை மக்கள் எவ்வளவு பெரிய அடியைத் தாங்கினார்கள் என்று உள்நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் வியந்து பேசுவோம். அவர்கள் தாங்கியதில் எங்கள் பங்கும் இருந்தது. அலைக்குப் பிறகு எங்களையும் தாங்கினார்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்ந்நன்றி அறிதல் என்று பத்துக் குறளை மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். அந்தத் தலைப்பில் நன்றி என்பது மனசுக்குள் பொங்கும் உணர்ச்சி இல்லை, ஒருவர் செய்த நல்ல காரியம். நம் பங்குக்கு உள்ளது அறிதல் மட்டும். நாற்பத்து மூன்று வயதில், இடுப்பில் பெல்ட்டோடு, அடுக்களை வாசலில் நின்று அதைப் புரிந்துகொண்டேன். நெய்யூருக்குப் போய்ப் பார்க்கச் சொன்ன சொந்தக்காரர்கள் என்னை உணரச் சொன்னார்கள். அம்மா அறிந்திருந்தாள். விலை பேசிக்கொண்டே, இருபது வருடமாக, அந்தக் குடும்பத்தின் சருவத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். இதை ஸ்தோத்திரக் கூட்டத்தில் அவள் ஒருபோதும் சொன்னதில்லை.

டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்த்தது. இலை முற்றும்வரை வெட்டை நிறுத்தினார்கள், வெளிச்சமும் நின்றது. அதற்குப் பதிலாகத் தேனீப் பெட்டிகள் வந்து இறங்கின. ரப்பர்த் தேன் பூவில் கிடைப்பதில்லை, இளந்தளிரின் காம்பில் சுரப்பது. மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் விற்பதில் பெரும்பங்கு இதுதான். பெட்டி வைத்தவரின் அப்பா, 1991–92இல் தேனீப் புழுக்களைக் கொன்ற வைரஸ் நோயில் நாற்பது பெட்டியையும் இழந்தவர். அப்போது தென்னாட்டில் பத்தில் ஒன்பது பெட்டிக்கு மேல் காலி. அந்த வருடம் முழுக்கப் பொந்துகளில் தப்பித்த காட்டுக் கூட்டத்தைத் தேடி அலைந்தாராம். ஒன்று கிடைத்ததாம். இப்போது விளையில் இருப்பதெல்லாம் அதன் வழிவந்தவை என்று மகன் சத்தியம் செய்கிறார். தேனீ விஷயத்தில் சத்தியத்தை முழுக்க நம்பக்கூடாது. ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் மாதம். மேற்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை தொடங்கிவிட்டது, ஜூலை 31 வரை. வள்ளத்தில் போய் வருவது மட்டும்தான் மீன். அக்காவின் சருவத்தில் பாதிதான் இருக்கும், விலை இரட்டிப்பாக இருக்கும். மாமா மரத்துக்கெல்லாம் பாவாடை கட்டி முடித்திருந்தார். டாக்டர் ஐந்து கிலோ வரை தூக்கலாம் என்று கொஞ்சம் இளகியிருந்தார்.

அன்றைக்கு அம்மா சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மத்தியானம் இரண்டு மணி. விற்று முடித்துத் திரும்பும் வழியில் அக்கா வந்து நடைக்கல்லில் உட்கார்ந்தார். கஞ்சிவெள்ளத்தில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அம்மா எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்த மரச்சீனிக் கிழங்கு இரண்டைக் கொடுத்தேன். சருவத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே வேறு என்ன? மடித்த சாக்கு, ஒரு கத்தி, காசு முடிந்த துணி. சின்னப் பிள்ளை தூக்கிவிடும்.

எழுந்தார். சேலையை இழுத்துச் செருகினார். சும்மாட்டைப் பிரித்து, உதறி, மறுபடி சுற்றி, இருபது கிலோ வரப்போகிறது என்பது போலத் தலையில் அழுத்தி வைத்தார். பிறகு ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வா தம்பி. ஒரு பக்கம் பிடி."

முட்டை மடக்கி, முதுகு வளையாமல், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி பிடித்தேன். அவரே ஒண்ணு, ரெண்டு சொன்னார். ஏறியது. அலுமினியத்தில் கிழங்கு உருண்டு டங் என்றது.

"கொள்ளாம்" என்றார். கேட்டைத் தாண்டிப் போனவர் திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு இதுல மீனு இருக்கும், கேட்டியா."